ஓடுகிற பிள்ளையின் தட்டு

பாலக்கோடு
ஆடி 6

அன்புள்ள ரேவதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, குறுவட்டப் போட்டிதான் காரணம். அது முடியும்வரை பி.டி. டீச்சருக்கு வீடு என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. என் பிள்ளைகளில் மூன்று பேர் மாவட்டப் போட்டிக்குத் தேறியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி 1500 மீட்டரை வெறுங்காலில் ஓடினாள். கடைசிச் சுற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வந்ததைப் பார்த்ததும் உன் முகம்தான் வந்து நின்றது.

உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் சேர்ந்ததும் பால், முட்டை, கறி எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டாள், கேட்டால் "பூமி சூடாகுதும்மா" என்கிறாள், தட்டில் இப்போது கினோவா என்கிற வெளிநாட்டுத் தானியம், அவகாடோ, பாதாம் பால் என்று எழுதியிருந்தாய். "இது சரியா, கிறுக்கா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்தான்டி.

அவள் சொல்வதில் பொய் இல்லை. 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, மனிதர்களால் வெளியாகிற, பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறக்குறைய கால் பங்கு சாப்பாட்டால் வருவது என்று கணக்குப் போட்டது. அதில் மாடும் ஆடும் முன்வரிசை. கோழியும் முட்டையும் அவற்றைவிட வெகு கீழே. நாம் ஒரு பாவமும் அறியாதது என்று நினைத்திருந்த சோறும் அந்தக் கணக்கில் இருக்கிறது. வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் மண்ணுக்குக் காற்றுப் போகாது, காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும், அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான்.

நான் ஒன்றைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். நம்ம ஊர்ச் சாப்பாடு நல்லது, ஏனென்றால் அது பக்கத்திலிருந்து வருகிறது, லாரி டீசல் மிச்சம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் வருவதை விட்டுவிட்டால், பெரும்பாலான உணவுக்குப் போக்குவரத்தின் பங்கு சின்னதுதானாம். எங்கிருந்து வந்தது என்பதைவிட என்ன, எப்படி விளைந்தது என்பதுதான் பெரிது. ஆகவே கினோவா கடல் தாண்டி வருகிறது என்பதற்காக மட்டும் அவளைத் திட்டாதே. பர்ஸைக் காட்டித் திட்டு, அது நியாயம்.

நம் ராகியின் பெருமை தூரத்தில் இல்லை, அது விளையும் விதத்தில் இருக்கிறது. ஆடி, ஆவணி மழையை நம்பி மானாவாரியாக விதைக்கிறோம். ஊடே அவரை, துவரை, கடுகு. அவரையும் துவரையும் வேரில் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். அறுத்துக் குதிரில் கொட்டினால் அரிசி மாதிரி சீக்கிரம் பூச்சி விழாது, வருடக்கணக்கில் கிடக்கும். 100 கிராமில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் 10 தேறினால் பெரிது. ராகியில் இருப்பதெல்லாம் அப்படியே உடம்பில் ஒட்டிவிடாது என்பதும் உண்மை. ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டபின் காயவைத்து அரைத்தால் இன்னும் நன்றாகச் சேரும். நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியது அப்படித்தானே.

இது உனக்குப் பிடிக்கும் என்று எடுத்து வைத்திருந்தேன். உலகத்தையே ஓட்டத்தில் ஜெயிக்கிற கென்யாக்காரர்கள் என்ன தின்கிறார்கள் தெரியுமா? உகாலி என்று ஒன்று. கொதிக்கிற தண்ணீரில் மக்காச்சோள மாவைக் கொட்டிக் கட்டையால் கிண்டி, இறுகியதும் கையால் பிய்த்து, கீரையைத் தொட்டு விழுங்குவது. களியேதான்! 2004-ல் அவர்களுடைய முன்னணி ஓட்டக்காரர்கள் பத்துப் பேரின் சாப்பாட்டை எடை போட்டுப் பார்த்தார்கள். உடம்புக்குக் கிடைத்த சக்தியில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மாவுச்சத்து. செடிகொடிகளிலிருந்து வந்தது 86 சதவீதம். மிச்சம் பாலும் கொஞ்சம் கறியும். இன்னொன்று, ராகியே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்து நம்மிடம் வந்ததுதான். அங்கே அதற்கு விம்பி என்று பெயர். அந்த ஊர்க்காரி யாராவது ராயக்கோட்டை வந்தால் உன் அம்மா வீட்டுத் துடுப்பை வாங்கித் தானே கிண்ட ஆரம்பித்துவிடுவாள்.

இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நாம் என்ன செய்தோம்? பள்ளிக்கூடத்தில் யார் டப்பாவில் சோறு இருக்கிறதோ அவள் திறந்து வைத்துத் தின்பாள். உன் டப்பாவிலும் என் டப்பாவிலும் களி இருந்த நாள்களில் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் உட்காருவோம். 2023-ல் நம் மாவட்டத்து ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தபோது என் மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "கேவுரு துன்னா ஏழைன்னு சிரிச்சாங்க. இப்ப சக்கரை வியாதி வந்தவன்லாம் அதத்தான் தேடறான்."

ஆனால் களியைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதே. நான் ஆடிப் பட்டுவிட்டேன். நாலைந்து வருடத்துக்கு முன் 800 மீட்டர் ஓடுகிற பெண் ஒருத்தி. "களி, கொள்ளு, கீரை போதும், வேற எதுவும் வேண்டாம்" என்று நான்தான் சொன்னேன். மூன்று மாதத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். சோம்பேறித்தனம் என்று நினைத்து இரண்டு சுற்று அதிகம் ஓடவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. ரத்தம் சோதித்தால் ஹீமோகுளோபின் 8. செடியிலிருந்து வரும் இரும்புச்சத்து உடம்பில் ஏறுவது கடினம், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஏறுவதும் ஏறாது என்று டாக்டர் சொன்னார். அவள் வீட்டில் களி முடிந்ததும் டீ. பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையோ ஜன்னலுக்கு வெளியே. இப்போது என் பிள்ளைகளுக்கு இரண்டே சட்டம். இரும்பு ஏறுவதற்குச் சாப்பாட்டோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்க வேண்டும், டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான். அதியமான் ஊரில் இருந்துகொண்டு நெல்லிக்காயை மறந்தேன் பார்.

உன் மகளுக்குக் கணக்கு வேண்டுமாம் அல்லவா, சொல். நீண்ட தூரம் ஓடுபவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் வேண்டும். அவள் 50 கிலோ என்றால் 60 முதல் 80 கிராம். 150 கிராம் ராகி மாவில் 11, ஒரு கைப்பிடி கொள்ளில் 11, 50 கிராம் நிலக்கடலையில் 12, மதியச் சோற்றில் 8. ஆக 42. இரண்டு முட்டையும் அரை லிட்டர் பாலும் சேர்ந்தால் 70 வந்துவிடும், வெளிநாட்டு டப்பாப் பவுடர் எதற்கு? முட்டையும் பாலும் வேண்டவே வேண்டாம் என்று அடம்பிடித்தால் 50 கிராம் சோயா உருண்டை போடு, அதில் 26 இருக்கிறது. பி12 வைட்டமின் மட்டும் செடியில் கிடைக்காது. அதற்கு மாத்திரைதான், டாக்டரைக் கேட்டு. நம் வழி கேட்டால், ஆட்டுக்கறியை விடட்டும், முட்டையை வைத்துக்கொள்ளட்டும் என்பேன். கொள்ளை மட்டும் ஓட்டத்துக்கு முந்தின இரவு கொடுத்துவிடாதே. அது ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சேலம் போட்டி ஞாபகம் இருக்கும்! ஓடும் நாள் காலையில் களியும் வேண்டாம், வயிற்றில் கல் மாதிரி கிடக்கும். இட்லி, வாழைப்பழம். ஓடி முடித்து வந்ததும் மோர் கரைத்த கூழில் உப்புப் போட்டு ஒரு சொம்பு.

இனி எழுதப்போவதைத் தனியாக இருக்கும்போது படி. அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேள். பூமிக்காக விட்டேன் என்பது சில பெண்களுக்கு மெலிவதற்கு ஒரு மறைப்பு. "எடை குறைந்தால் வேகம் கூடும்" என்று யாரோ காதில் ஓதியிருப்பார்கள். இதை, கறி சாப்பிடாதே என்று சொல்கிற எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை. ஓடுகிற அளவுக்குத் தின்னாவிட்டால் மாதவிலக்கு நிற்கும், எலும்பில் கீறல் விழும், காய்ச்சலும் சளியும் ஓயாது. சர்வதேச ஒலிம்பிக் குழுவே 2014-ல் இதற்கு ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. எதைத் தின்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி. வயிறு நிறையத் தின்கிறாளா? கறியை எடுத்த இடத்தில் பருப்பு வந்து உட்கார வேண்டும், வெறும் தட்டு உட்காரக் கூடாது. என் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறி மாதம் ஒருமுறை, சத்துணவு முட்டைதான் அவர்களுடைய புரதம். அவர்களிடம் போய்ப் பூமிக்காகக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் பூமிக்குக் கடன்படவே இல்லை.

பெரிய இடத்திலும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று இருந்த பிரெஞ்சு சராசரியை 1 கிலோவுக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். காய்கறி, பருப்பைக் கூட்டினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முதல் நாள்களிலேயே முட்டை போதவில்லை, கறி போதவில்லை என்று வீரர்கள் சத்தம் போட, 700 கிலோ முட்டையும் ஒரு டன் கறியும் கூடுதலாக இறக்க வேண்டியதாயிற்று. நாலு வருடமாக ஒரு தட்டுக்குப் பழகிய உடம்பைப் போட்டி வாரத்தில் மாற்றச் சொன்னால் அது கேட்குமா? உன் மகளும் மாற்றுவதானால் போட்டி இல்லாத மாதத்தில் மெல்ல மாற்றட்டும்.

போன வாரம் மார்க்கெட் பக்கம் போனேன். தக்காளி விலை மறுபடி விழுந்து, பறித்த கூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டியிருந்தார்கள். அத்தனை தண்ணீரும் உரமும் சேர்ந்து அழுகிக் கிடந்தன. அதைப் பார்த்தபின் பாதாம் பாலைப் பற்றிப் பேச எனக்கு மனசே வரவில்லை. ஒரு கூடை சும்மா எடுத்து வந்து அறுத்து வெயிலில் வற்றல் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் தம்பி ஓசூர் வழியாகப் பெங்களூர் வருகிறான். முளைகட்டின ராகி மாவு ஐந்து கிலோ, கொள்ளு இரண்டு, வேர்க்கடலை இரண்டு, அந்தத் தக்காளி வற்றல் எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன். உன் மகளுக்குக் களி கிண்டத் தெரியாது, தெரியும் என்று சொன்னாலும் நம்பாதே. முதல் தடவை நீயே பக்கத்தில் நின்று கட்டி விழாமல் கிண்டிக் காட்டு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வருவதாக இருந்தால் முன்னாடியே சொல்.

வற்றல் போட்டிருக்கும் எவர்சில்வர் தூக்கு என் கல்யாணச் சீர். மறக்காமல் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

உன்,
மாதேஸ்வரி