குழந்தையின் சுபாவமும் குடல் நுண்ணுயிரிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சிளங்குழந்தைகளின் சுபாவத்துக்கும் அவர்களுடைய குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றித் தங்கள் இதழின் மருத்துவப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இப்பொருளை எளிய தமிழில் கொண்டுவந்ததற்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால், சிடுசிடுக்கும் குழந்தைக்குப் புரோபயாடிக் (நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் அடங்கிய) சொட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று கட்டுரை முடிந்த இடத்தில், ஆய்வாளர்கள் சொல்லாத ஒன்றைத் தாங்கள் சொல்லிவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 27 மாதம் வரையிலான 77 குழந்தைகளின் மலம் பரிசோதிக்கப்பட்டது. கலகலப்பும் துறுதுறுப்பும் மிக்க குழந்தைகளுக்கு, குறிப்பாக ஆண் குழந்தைகளுக்கு, குடலில் நுண்ணுயிரி வகைகள் அதிகமாக இருந்தன. 2019இல் பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தார் 301 குழந்தைகளின் மலத்தை இரண்டரை மாதத்திலும் சுபாவத்தை ஆறாம் மாதத்திலும் ஆராய்ந்தபோது, வகைகள் குறைந்திருந்தவர்களிடம் அச்சமும் எரிச்சலும் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டன. இரண்டிலுமே குழந்தையின் சுபாவத்தை அளந்தது எந்தக் கருவியும் அன்று. தாய் நிரப்பிக் கொடுத்த வினாத்தாள்தான். இரவெல்லாம் தூக்கம் கெட்ட தாய் தன் பிள்ளையைப் பற்றி எழுதும் விடையில் அவளுடைய களைப்பும் கலந்திருக்கக்கூடும் என்பதை வார்டில் வேலை பார்த்த எவரும் அறிவார்கள்.

நுண்ணுயிரிகள் பலவகையாக இருந்தால் நல்லது என்ற பொது விதியைப் பால்குடிக் குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. குழந்தையால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் தாய்ப்பாலில் நிறைய உண்டு. அவை பெரும்பாலும் பிஃபிடோபாக்டீரியம் என்னும் நல்ல குடல் நுண்ணுயிரிகளுக்கே உணவாகின்றன. ஆகையால் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தையின் குடலில் அந்த ஓர் இனமே ஆதிக்கம் செலுத்த, மொத்த வகைகள் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையைவிடக் குறைவாகவே இருப்பது வழக்கம். அதே துர்கு ஆய்வில் பிஃபிடோபாக்டீரியம் மிகுந்திருந்த குழந்தைகளிடம் உற்சாகமான சுபாவம் கூடுதலாகக் காணப்பட்டதையும் சேர்த்துப் பார்த்தால், எந்தக் குடல் நல்ல குடல் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல இடமில்லை.

எது காரணம், எது விளைவு என்பதும் இன்னும் தீராத கேள்வி. நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் நெருக்கடிக்கு உள்ளாகும்போது மன அழுத்த ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன என்பதையும், பிஃபிடோபாக்டீரியம் கொடுத்ததும் அது சீரானதையும் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தார் 2004இல் காட்டினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ரீசஸ் குரங்குக் குட்டிகளின் மலத்தில் மூன்றாம் நாளே லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல நுண்ணுயிரி சரிந்திருந்தது. அங்கே மனக்கலக்கம்தான் குடலை மாற்றியது. மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்னும் வேதிப்பொருளில் பெரும்பகுதி குடலில் உண்டாகிறது என்று கட்டுரை சொன்னது உண்மையே. அந்தச் செரோடோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது என்பதையும் உடன் சொல்லியிருக்க வேண்டும்.

சொட்டு மருந்துக்கு வருகிறேன். ஓயாமல் அழும் குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி தந்தபோது, தாய்ப்பால் குடிப்பவர்களிடம் அழுகை குறைந்ததாக இத்தாலியில் நடந்த சோதனைகள் காட்டின. ஆனால் 2014இல் மெல்பர்னில் 167 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் பலன் தெரியவில்லை. புட்டிப்பால் குழந்தைகள் ஒரு கட்டத்தில் முன்னிலும் அதிகமாகச் சிணுங்கினார்கள். அப்படியே பலன் இருந்தாலும், அழுகை சில வாரங்களில் தானாக அடங்குவது, சுபாவம் வேறு.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். அறுவை மூலம் பிறந்த குழந்தை தாயின் நுண்ணுயிரிகளைப் பெறாமல் போய்விட்டது என்று தாங்கள் எழுதியதைப் படிக்கும் தாய், பிள்ளை முரண்டு பிடிக்கும்போதெல்லாம் தன் வயிற்றுத் தழும்பைத்தான் நினைப்பாள். 596 குழந்தைகளிடம் நடந்த பிரிட்டன் ஆய்வு (2019) அத்தகைய வேறுபாட்டைக் கண்டது உண்மை. ஓராண்டு நிறைவதற்குள் அதில் பெரும்பகுதி மறைந்துவிடுவதையும் அதே ஆய்வு கண்டது. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று சொல்லிச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் பாட்டிமார்களிடம் மன்றாடித் தாய்ப்பாலை மட்டும் கொடுக்கவைத்த எங்களுக்கு, அதே நம்பிக்கை சொட்டு மருந்துக் குப்பியில் திரும்பி வருவது கவலை தருகிறது.

ஆகவே, அடுத்த இதழில் குழந்தை மருத்துவர் ஒருவரைக் கொண்டு இரண்டு விளக்கங்களை வெளியிட வேண்டுகிறேன்: எந்த நோய்க்கு, எந்த நுண்ணுயிரி, எந்த அளவில் பலன் தந்துள்ளது என்பது ஒன்று; குறைமாதக் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைக்கும் மருத்துவரைக் கேட்காமல் இச்சொட்டுகளை ஏன் கொடுக்கக் கூடாது என்பது மற்றொன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்