கண்வலி விதையும் ஆட்டுக் குடலும்: ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோல்ச்சிசின் என்ற மருந்து குடல் சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது என்ற என் முனைவர் பட்ட ஆய்வு நல்லபடியாக முடிந்தது. ஆய்வேட்டில் நன்றிக்கென இருந்த ஒரு பக்கம் நெறியாளருக்கும் துறைக்கும் நிதி தந்தவர்களுக்குமே சரியாகப் போய்விட்டது. மற்றவர்களுக்கு இங்கே சொல்கிறேன். பேர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னதால் முறை வைத்தே அழைக்கிறேன்.

முதலில் சிங்காநல்லூர் கறிக்கடை அண்ணனுக்கு. ஆட்டின் சிறுகுடலைக் கண்ணாடிக் குச்சியில் மாட்டி உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரண்டு முனையையும் நூலால் கட்டிப் பை மாதிரி ஆக்கி, ஆக்சிஜன் குமிழ் விடும் மருந்துக் கரைசலில் போட வேண்டும். பைக்குள் எவ்வளவு மருந்து சேர்ந்தது என்று அப்புறம் அளப்போம். வில்சனும் வைஸ்மனும் 1954இல் வெளியிட்ட பழைய முறை. செலவு குறைவு, ஆனால் குடல் உயிர்ப்போடு இருக்க வேண்டும். வெட்டிய கையோடு ஐஸில் குளிர்ந்த உப்புக் கரைசலுக்குள் போயாக வேண்டும். மேல்பகுதிதான் வேண்டும், கத்தி படக் கூடாது, வெந்நீர் ஊற்றக் கூடாது என்று நான் போட்ட சட்டங்களை எந்த வாடிக்கையாளரும் போட்டிருக்க மாட்டார். குடல் குழம்புக்கு ஆள் வரிசையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்கான துண்டு தனியாக இருக்கும். "அம்மிணி, இதுல என்னத்தத்தான் தேடறீங்க?" என்று கேட்பார், காசு மட்டும் வாங்க மாட்டார். அண்ணா, இனிமேல் நான் குடல் கேட்டு வந்தால் அது குழம்புக்குத்தான்.

அம்மாவும் அப்பாவும் மூலனூர்ப் பக்கம் கண்வலிச் செடி போட்டிருக்கிறார்கள். செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநிலப் பூ. அதன் விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். விடிகாலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவும் அம்மாவுக்கு, கவுட் நோயால் மூட்டு வீங்கியவர்களுக்கு அந்த விதை மாத்திரையாகப் போகிறது என்பதில் பெருமை. ஆனால் விழுங்குவதில் பாதிக்கும் குறைவுதான் ரத்தத்தில் சேர்கிறது. செல்லின் சவ்வு வெறும் ஐந்து நானோமீட்டர் கனம். அதில் உட்கார்ந்திருக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம், உள்ளே நுழைந்த மருந்தைத் திரும்ப வெளியே தள்ளுகிறது. கோல்ச்சிசின் பட்டும் சாகாத செல்களை வைத்துத்தான் ஜூலியானோவும் லிங்கும் 1976இல் இந்தப் புரதத்தையே கண்டுபிடித்தார்கள். இதை விளக்கியபோது அப்பா, "அப்போ கெணத்துல ஊற ஊற மோட்டார் போட்டு எறைக்கற மாதிரியா?" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

தாராபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி, ஓர் அத்தியாயமாகவே ஆனது. கோல்ச்சிசின் சாப்பிடுகிறவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துத் தரக் கூடாது என்கிறார்களே, ஏன்? கிளாரித்ரோமைசின் இந்தப் புரதப் பம்பையும் அடைக்கிறது, கோல்ச்சிசினைச் சிதைக்கும் நொதியையும் தடுக்கிறது. ரத்தத்தில் கோல்ச்சிசின் அளவு ஏறி விஷமாகிவிடுகிறது. சித்தப்பா, சீட்டைப் பார்க்காமல் மருந்து எடுத்துத் தராத உங்கள் பிடிவாதத்துக்கும் சேர்த்து நன்றி.

கரண்ட் போனால் கருவி நின்றுவிடும் என்று சாப்பாட்டை விட்டு ஜெனரேட்டருக்கு ஓடிய ஆய்வக உதவியாளர் அண்ணன், இரவில் மாதிரிகளை ஓட்டித் தந்த பக்கத்துக் கல்லூரி அக்கா, இருவரையும் மறக்க முடியாது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோது நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போட்டார் மெஸ் அக்கா. பணம் கொடுக்க வேண்டியவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதை மட்டும் எழுதுகிறேன்.

இதே பம்பு மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. பல மருந்துகளை மூளைக்குள் விடாமல் தடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அடுத்த மாதம் முதல் ஹைதராபாத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறேன். கிளம்பும் முன் மூலனூர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு வைத்திருக்கிறோம். தேதியைப் போனில் சொல்கிறேன், எல்லாரும் குடும்பத்தோடு வந்துருங்க.