ஸ்ரேட்டன் தீவின் மான்களும் நியூயோர்க்கின் பழைய கடனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நியூயோர்க் மாநகரத்தின் நிதி நிலைமை பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். பழைய கடனைப் புதிய கடனால் அடைப்பதில் எவருக்கும் இழப்பில்லை என்றும், வீண்செலவு என்று சொல்வதானால் நகரத்தின் ஒரு பகுதியான ஸ்ரேட்டன் தீவின் மான்களுக்குச் செய்த கருத்தடையைத்தான் சொல்லவேண்டும் என்றும் கட்டுரையாளர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். இத்தீவில் பிள்ளைகளை வளர்த்து, வரி கட்டி, பேத்தியையும் கண்டுவிட்ட எனக்கு அந்த வசனம் மிகுந்த மனவருத்தத்தைத் தந்தது.

தவணைக் காலத்தைத் தொடாமல் வட்டியை மட்டும் குறைப்பதும், தவணையையே நீட்டிக்கொள்வதும் ஒன்றல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1975இல் நகரம் வங்குரோத்தின் விளிம்பில் நின்றபோது, மாநில அரசு அமைத்த நிதியுதவிக் கூட்டுத்தாபனம் நகரத்துக்காகக் கடன்பத்திரங்களை வெளியிட்டது. அந்த நெருக்கடிக்கு மக்கள் அப்போதே விலை கொடுத்தார்கள்: சுரங்க ரயில் கட்டணம் 35 சதத்திலிருந்து 50 சதமாகியது, மறு ஆண்டில் நகரப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வியும் நின்றது. அந்தக் கடன் 2008இல் முற்றாகத் தீர்ந்திருக்கவேண்டியது. ஆனால் மேயர் புளூம்பேர்க்கின் காலத்தில், ஆளுநர் பட்டாக்கியின் எதிர்ப்பையும் மீறி 2003இல் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அந்தப் பழைய கடனை அடைக்க 2004இல் ஏறத்தாழ 2.5 பில்லியன் டொலருக்குப் புதிய கடன்பத்திரங்கள் விற்கப்பட்டன. அவற்றுக்காக மாநில அரசு ஆண்டுக்கு 170 மில்லியன் டொலர் வீதம் 2034 வரை கொடுப்பது என்பதே ஏற்பாடு. முப்பது ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால் ஐந்து பில்லியனுக்கு மேல் வருகிறது. 1975இல் நான் இந்த நகரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கடனுக்கான வரியில் ஒரு பங்கை என் பிள்ளைகளும் கட்டுவார்கள் என்றால், எவருக்கும் இழப்பில்லை என்று எப்படி எழுதமுடியும்?

2014இல் அதே கடன் மீண்டும் குறைந்த வட்டிக்கு மாற்றப்பட்டபோது அறுநூறு மில்லியனுக்கு மேல் மிச்சம் வந்தது உண்மைதான். அந்த மிச்சம் தன்னுடையது என்று மாநில அரசு வாதாடி, 2016இன் வரவு செலவுத் திட்டத்தின் மூலம் நகரத்தின் விற்பனை வரியிலிருந்து 600 மில்லியன் டொலரை மூன்று ஆண்டுகளில் திருப்பி எடுத்துக்கொண்டதைக் கட்டுரையாளர் குறிப்பிடவேயில்லை. மிச்சம் பிடித்த பணத்தைக்கூட நகரத்தால் வைத்திருக்க முடியவில்லை என்பதை வாசகர்கள் அறிந்திருக்கவேண்டாமா?

இனி மான்களுக்கு வருகிறேன். 2008இல் இத்தீவில் எண்ணப்பட்ட மான்கள் 24. 2014இல் வானிலிருந்து வெப்பப் படக்கருவியால் எண்ணியபோது அவை 763. நியூ ஜேர்சியிலிருந்து ஆதர் கில் நீரிணையை நீந்தி வந்த சில மான்கள், வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லாத, இயற்கை எதிரி எதுவும் இல்லாத இந்தத் தீவில் வேறு எப்படிப் பெருகும்? எட்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 2016இல்தான் மேயர் டி பிளாசியோவின் நிர்வாகம் ஆண் மான்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. அதற்குள் மான்கள் இரண்டாயிரத்தை நெருங்கியிருந்தன. செலவும் மில்லியன்களில் வந்து நின்றது. கருத்தடை வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிறப்பு குறைந்ததை நாங்களே காண்கிறோம். ஆயினும் ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரக்கூடியது என்பதால், ஏறக்குறைய எல்லா ஆண் மான்களையும் பிடித்தாலன்றி அந்த முறை பயன் தராது. கருத்தரிக்காத பெண் மான் சில வாரங்களில் மீண்டும் பருவத்துக்கு வருவதால், ஆண் மான்கள் வீதிகளைக் கடந்து அலையும் காலமும் நீளுகிறது. நீரிணையை நீந்தி வருபவற்றையும் எவராலும் தடுக்கமுடியாது. ஆகவே இது ஆண்டுதோறும் தொடரவேண்டிய செலவு. 24 மான்கள் இருந்தபோதே செய்திருந்தால் எவ்வளவு முடிந்திருக்கும் என்பதைக் கட்டுரையாளர் கேட்டிருக்கலாம்.

கோடையொன்றில் என் மனைவியின் முழங்காலுக்குப் பின்னால் சிவந்த வளையம் ஒன்று தோன்றியது. நாங்கள் சென்ற மருத்துவ நிலையத்தில் அதை ஒவ்வாமை என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூட்டுகள் வீங்கி, படியேற முடியாத நிலை வந்த பின்னரே அது கருங்கால் உண்ணி கடித்ததால் வந்த லைம் நோய் என்று வேறொரு மருத்துவர் கண்டுபிடித்தார். அந்த உண்ணிகளை வளரவிட்டு வீட்டு வாசல் வரை சுமந்து வருபவை இந்த மான்களே. எங்கள் தோட்டத்துப் பயற்றங்காயையும் அவை விட்டுவைப்பதில்லை. அது போனால் போகட்டும்.

எங்கள் தீவின் குறைகள் நேற்று முளைத்தவையல்ல. 1948இல் திறந்த பிரெஷ் கில்ஸ் குப்பை மேடு 2001 வரை நகரத்தின் குப்பையை எங்கள்மேல் கொட்டியது. 1993இல் இத்தீவு மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நகரத்திலிருந்து பிரிந்துபோக வாக்களித்தும், அது மாநிலத் தலைநகரான அல்பனியில் கிடப்பில் போடப்பட்டது. 51 உறுப்பினர் கொண்ட மாநகர சபையில் எங்களுக்கு இருப்பது மூன்று ஆசனங்கள். இன்று அந்தக் குப்பை மேட்டின்மேல் வளர்ந்த புல்வெளியில் மான்கள் மேய்கின்றன. அவற்றுக்கான செலவு வீண் என்று எங்கள் தமிழ் இதழே எழுதுகிறது.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவி. நகர நிர்வாகம் தன் அறிவித்தல்களை வெளியிடவேண்டிய பத்து மொழிகளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. விக்டரி புளவாட் வீதியை அண்டி வாழும் எங்கள் முதியவர்களில் பலர் உண்ணி பற்றிய எச்சரிக்கையைத் தங்கள் மொழியில் வாசித்ததேயில்லை. உடலில் ஒட்டிய உண்ணியை எப்படி எடுப்பது, எந்த அறிகுறி தோன்றினால் மருத்துவரிடம் போவது என்பவற்றை ஒரு பக்கத்தில், வெட்டி எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டக்கூடியவாறு, கோடை தொடங்குமுன் வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்ரேட்டன் தீவு, நியூயோர்க்