குடை தாங்குமா, அப்பா?

பாரிஸ்,
மார்கழி மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. உணவகத்தில் எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்று முன்னர் எழுதியிருந்தேன். சென்ற திங்கள் என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கேயச் சமையற்காரர், அறையில் படுத்துக் கிடந்தது போதும் என்று சொல்லி என்னைப் படம் பார்க்க அழைத்துப் போனார். இந்தக் கடிதத்தில் அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உங்களிடம் கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது; மேசன் வேலை தெரிந்தவரால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சொர்போன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் சாம்போலியோன் என்றொரு ஒடுங்கிய தெரு இருக்கிறது. அதில் பழைய படங்களைப் போடும் சின்னச் சின்னத் திரையரங்குகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நாங்கள் பார்த்த படத்தின் பெயர் ‘ரிஃபிஃபி’. 1955இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். சண்டை, கைகலப்பு என்பதற்கு இங்குள்ள ரவுடிகள் வழங்கிய கொச்சைச் சொல்லாம் அது. டோனி என்பவன் ஐந்து ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வருகிறான். மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து ஒரு பெரிய நகைக்கடையைக் கொள்ளையடிக்கிறான். பிறகு எல்லாம் கெட்டுப்போகிறது. கதை இவ்வளவுதான்.

நகைக்கடைக்குள் அவர்கள் கதவால் போகவில்லை, அப்பா. மேல்மாடி வீட்டில் இருப்பவர்களைக் கட்டிப்போட்டு, தரைவிரிப்பைச் சுருட்டி, சத்தம் கேட்காதபடி உளியால் தரையைக் கொத்துகிறார்கள். ஒரு கை நுழையும் அளவு துளை விழுந்ததும் மடக்கிய குடையொன்றை அதனூடே கீழே விட்டு, கைப்பிடியை மேலே பிடித்துக்கொண்டு விரிக்கிறார்கள். குடை தலைகீழாக ஒரு சட்டிபோல் விரிந்து நிற்கிறது. அதன்பின் உடைகிற சாந்தும் கல்லும் கடையின் தரையில் விழாமல் அதற்குள் விழுகின்றன. கயிற்றில் இறங்கி, அபாய மணியின் பெட்டிக்குள் தீயணைப்புக் கருவியின் நுரையைப் பீய்ச்சி அதன் வாயை அடைக்கிறார்கள். அதே வகை மணி ஒன்றை முன்னதாகவே வாங்கி வைத்து, எதை எதையோ செய்து பார்த்து, நுரைதான் சரிவரும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதன் பிறகுதான் இரும்புப் பெட்டியைத் துளைக்கிறார்கள்.

இந்தக் காட்சி ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடுகிறது. ஒரு வார்த்தைப் பேச்சு இல்லை, இசையும் இல்லை. உளியின் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு நடுவில் நான் ஒருவன் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும் கூச்சம் அந்த அரை மணி நேரமும் இல்லாமல் போனது. அவர்களுக்குப் புரிந்ததெல்லாம் எனக்கும் புரிந்தது. இயக்குநர் ஜூல்ஸ் டாசினும் இங்கே பிறந்தவர் அல்லர். அமெரிக்கர், கதை வந்த நாவலில் நிறைந்திருந்த கொச்சை மொழி அவருக்கும் விளங்கவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது என்பதை மறைப்பானேன்!

படம் முடிந்ததும் யாரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அமர, முப்பது பேர் வரை ஒருமணி நேரம் விவாதித்தார்கள். எனக்குப் பிடிபடாததைச் சமையற்காரர் காதருகே சொன்னார்.

முதலில் பேசிய முதிய அம்மையாருக்குக் கொள்ளை பெரிதாகப் படவில்லை. தான் சிறுமியாக இருந்தபோது கண்ட பாரிஸ் இப்படித்தான் ஈரமும் சாம்பல் நிறமுமாக இருந்தது என்றார். டாசின் வெயில் அடித்த நாட்களில் வெளிப்புறக் காட்சிகளை எடுக்க மறுத்தாராம். அடுத்தவர் இசை படித்தவர்போல் தெரிந்தது. கொள்ளைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்று டாசின் சொல்லியும் கேளாமல், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஓரிக் ஓர் இசையை எழுதிக்கொண்டு வந்தார். இசையோடும் இசையில்லாமலும் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டியபோது, இசை வேண்டாம் என்று ஓரிக்கே ஒப்புக்கொண்டார் என்ற செய்தியை அவர் மிகுந்த மரியாதையோடு சொன்னார். தன் உழைப்பைத் தானே வேண்டாமென்று சொல்ல ஒரு மனம் வேண்டும்.

எல்லோரும் புகழ்ந்துகொண்டிருக்க, ஒரு மாணவி எழுந்தாள். சிறையிலிருந்து வந்த டோனி, தன்னை விட்டுப் போன மாடோ என்ற பெண்ணை அழைத்து, அவள் நகைகளையும் மேலங்கியையும் கழற்றச் செய்து, இடுப்புவாரால் அடிக்கிறான். அடியைத் திரையில் காட்டாமல் கேமரா வேறுபக்கம் திரும்பிக்கொள்கிறது. “கேமராவுக்கே பார்க்கக் கூசுகிறது, ஆனால் அவன் கடைசிவரை கதாநாயகனாகவே இருக்கிறான்” என்பது அவள் குற்றச்சாட்டு. அக்காலம் அப்படி என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். அவள் ஏற்கவில்லை. என்னாலும் ஏற்க முடியவில்லை. தங்கச்சியோடு பார்த்திருந்தால் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பேன்.

இன்னொருவர், இது திருடர்களுக்குப் பாடம் நடத்தும் படம் என்றார். அவர் சொன்னதும் முழுப் பொய்யல்ல. இதைப் பார்த்து அதேபோலத் திருட்டுகள் நடந்ததால் மெக்சிகோவில் படத்தைத் தடைசெய்தார்களாம். படத்தின் நடுவே வரும் இரவு விடுதிப் பாட்டைப் பற்றிப் பேசியபோது எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாட்டுக்கே இப்படிச் சிரிப்பவர்கள் நம் படங்களைப் பார்த்தால் என்ன ஆவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விவாதம் சூடுபிடித்தது செஸாரைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான். இரும்புப் பெட்டி திறக்கும் கைதேர்ந்த இத்தாலியன் அவன். கொள்ளையின்போது யாருக்கும் தெரியாமல் ஒரு மோதிரத்தை எடுத்து, விடுதியில் பாடும் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறான். அந்த மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்க் கும்பல் வருகிறது. அவன் பயந்துபோய்க் கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறான். விடுதிக்குள் கட்டப்பட்டுக் கிடக்கும் அவனைக் கண்டுபிடிக்கும் டோனி, உன்மேல் எனக்கு அன்பு உண்டு, ஆனால் விதி உனக்குத் தெரியும் என்ற பொருளில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சுடுகிறான். அன்பும் தோட்டாவும் ஒரே மனிதனிடமிருந்து வருவது போலி என்றார் ஒருவர். அப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டவர் ஒன்று சொன்னார்: செஸாராக நடித்தவர் டாசினேதான், வேறு பெயரில். அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில், 1951இல், எட்வர்ட் டிமிட்ரிக் என்ற சக இயக்குநர் விசாரணைக் குழுவின்முன் டாசினும் ஒரு கம்யூனிஸ்ட் என்று பெயரைச் சொன்னார். அதனால் வேலை போய், நாடும் போய் இருந்தவருக்கு, முந்தைய படம் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த படம் இது. ஐந்தாண்டுச் சிறையிலிருந்து டோனி வருவதும் அந்தக் கணக்கோடு பொருந்துகிறது பாருங்கள் என்றார். காட்டிக்கொடுக்கப்பட்டவர், காட்டிக்கொடுத்தவனின் வேடத்தைத் தானே ஏற்றுச் சாகிறார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. கான் திரைப்பட விழாவில் அந்த ஆண்டே சிறந்த இயக்குநர் விருதை அவருக்கு, மற்றொருவரோடு பகிர்ந்து, கொடுத்திருக்கிறார்கள்.

கொள்ளை முடிந்ததும் படம் தொய்ந்துவிடுகிறது என்று ஏழெட்டுப் பேர் கருதினார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. குண்டடிபட்ட டோனி, கூட்டாளியின் சின்ன மகனை எதிர்க் கும்பலிடமிருந்து மீட்டு, திறந்த காரில் பாரிஸ் தெருக்களினூடே வீடு கொண்டுவந்து சேர்க்கிறான். பையன் கௌபாய் உடுப்பில், ஏதும் அறியாமல் பொம்மைத் துப்பாக்கியோடு விளையாடிக்கொண்டிருக்கிறான். மரங்கள் தலைக்குமேல் சுழல்கின்றன. தாய் ஓடிவந்து பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள். பணப்பெட்டி காரிலேயே கிடக்கிறது. கூட்டத்தில் எவரும் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசாதது எனக்கு வியப்பாக இருந்தது. பேச எனக்கு மொழி போதவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இனி அந்தக் கேள்வி. சமையற்காரரின் தாய்மாமன் எங்களோடு வந்திருந்தார். பாரிஸ் கட்டட வேலைகளில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். விவாதம் முழுவதும் வாய் திறவாமல் இருந்தவர், மெட்ரோவுக்குப் போகும் வழியில்தான் தன் கருத்தைச் சொன்னார்: “எல்லாம் சரி, குடை பொய். ஒரு ஆள் நுழையும் துளை என்றால் எத்தனை வாளி இடிபாடு விழும்? கம்பி வளைந்து துணி கிழிந்திருக்கும்.” சமையற்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. சிறிது சிறிதாகக் கொத்தினால், இடையிடையே கையால் அள்ளி மேலே எடுத்தால் தாங்கும் என்றார். லாச்சப்பல் மெட்ரோ நிலையம் வரை இதே பேச்சுத்தான். என் அப்பா நாற்பது ஆண்டுகளாக மேசன், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நம் வீட்டுப் பழைய கறுப்புக் குடை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாந்து காய்ந்த பழைய சாந்து. எத்தனை கிலோ தாங்கும் என்று கணக்குப் பார்த்துத் தங்கச்சியிடம் சொல்லி ஒரு வரி எழுதுவியுங்கள். கிழவர் பந்தயம் கட்டியிருக்கிறார்.

உங்கள் அன்பு மகன்