பட்டத்துக்கு வரப்போவது யார், அப்பத்தா?

பெல்ஃபாஸ்ட்
31.3.2019, ஞாயிறு

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

உன் பேத்தி எழுதுகிறேன். நான் நலம். நீ, அப்பா, அம்மா, அத்தை, சின்னவன், கொட்டத்தில் நிற்கிற செவலை எல்லாரும் சுகமாக இருக்க மீனாட்சி துணை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எழுத்து சின்னவன் எழுத்து, குரல் உன் குரல். "தீவாளிக்கு எழுதுனவ. பொங்கல் போயி, மாசிப் பச்சை போயி, பங்குனியும் பொறந்துருச்சு. கையி என்ன மடங்கியா போச்சு?" என்று கேட்டிருந்தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எழுதாமல் இருந்தது தப்புதான் அப்பத்தா. போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை. அம்மாவிடம் சொன்னால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் உன்னிடம் சொல்வாள். எல்லாம் தெரிந்தும் எழுதவில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க ராத்திரி டியூட்டி, வேறொன்றுமில்லை.

நேற்று ராத்திரி ஒரு வேடிக்கை. இங்கே கோடை பிறக்கிறது என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். ராத்திரி ஒரு மணி ஆனதும் நேரே இரண்டு. ஒரு மணி நேரம் குறைவாக வேலை பார்த்துவிட்டு வந்து, தூங்காமல் இதை எழுதுகிறேன். கோடை என்று பேர்தான். நம் மார்கழி விடியற்காலையில் ஈரத் துணியோடு நின்றால் எப்படி இருக்குமோ, மத்தியானத்திலேயே அப்படி இருக்கிறது. எனக்குப் பழகிவிட்டது. ஹீட்டர் போடுவதுகூட இல்லை. போன மாதம் மாடியில் இருக்கிற சின்ன அறைக்கு மாறிவிட்டேன். பெருக்கித் துடைக்க வசதி. ஜன்னலைத் திறந்தால் கப்பல் பட்டறையின் இரண்டு மஞ்சள் கிரேன்கள் தெரியும். நம் கோபுரத்தைவிட இரண்டு மடங்கு உயரம் இருக்கும். ஒன்றுக்குச் சாம்சன் என்று பேர், இன்னொன்றுக்குக் கோலியாத்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா சோடா ரொட்டி கொண்டுவந்து கொடுப்பார். ஈஸ்ட் இல்லாமல் சமையல் சோடாவும் புளித்த மோரும் விட்டுப் பிசைந்து சுடுகிற ரொட்டி. அதை வாட்டி, நீ கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாயைத் தடவித் தின்கிறேன். ஜாடியில் அடி மட்டும்தான் மிச்சம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அந்த சிங்காதனக் கதையில யாரு பட்டத்துக்கு வருவா? நீ அந்த ஊர்லதானே இருக்க, கேட்டுச் சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். 2017 ஆவணியில், கரண்டு இல்லாத ராத்திரிகளில், மொட்டை மாடியில் உனக்குச் சொன்ன அதே 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடர்தான். நீ வைத்த பெயர்களையெல்லாம் நான் இன்னும் மறக்கவில்லை. ஜான் ஸ்நோ பனிப்பயல். டனேரிஸ் வெள்ளமுடிக்காரி. செர்ஸி ராணி மொட்டச்சி. கதவைப் பிடித்துக்கொண்டே செத்த ஹோடருக்காக நீ முந்தானையால் மூக்கைத் துடைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சிம்மாசன மண்டபம் இந்த ஊரில்தான் இருக்கிறது அப்பத்தா! கப்பல் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பெரிய ஷெட்டை ஸ்டூடியோவாக மாற்றி, உள்ளே செட் போட்டுத்தான் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா அதே பட்டறையில் வேலை பார்த்தவர். "நான் பெயிண்ட் மூச்சு விட்ட இடத்தில் ராஜாக்கள் நடக்கிறார்கள்" என்பார். கடைசிப் பாகத்தில் வருகிற ஒரு சண்டையை மட்டும் 55 ராத்திரி எடுத்தார்களாம். இந்தக் குளிரில், இந்த மழையில். கேட்டதும் அவர்கள் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கடைசிப் பாகம் மொத்தம் ஆறு வாரம். ஏப்ரல் 15, திங்கட்கிழமை ஆரம்பம். இங்கே விடியற்காலை இரண்டு மணி, உனக்குக் காலை ஆறரை. நாளைக் கவனித்தாயா? அன்று சாயந்தரம்தான் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். தலையில் ராயர் கிரீடம், கழுத்தில் வேப்பம்பூ மாலை, கையில் செங்கோல். இதைத் தாத்தாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சித்திரையிலிருந்து நாலு மாதம் அம்மன் ஆட்சி, ஆவணியில் சொக்கர் கைக்குப் போகும், யாரும் யாரையும் வெட்டிக்கொள்வதில்லை என்றேன். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முதலிலிருந்து சொல்" என்றார்.

அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். சமையலறை மேஜையில், சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கும். பக்கத்துக்கு ஒரு ஆள், அவர் ராஜாவாக வர என்ன நியாயம், என்ன தடை என்று பென்சிலால் எழுதியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் அதை வைத்து மல்லுக்கட்டுவோம்.

முதல் பக்கம் பனிப்பயல். அவன் வேசிமகன் இல்லை, வெள்ளமுடிக்காரியின் அண்ணன் ரேகார் இளவரசன் முறைப்படி தாலி கட்டியவளுக்குப் பிறந்தவன், நிஜப் பெயர் ஏகான் என்று ஏழாம் பாகத்தின் கடைசியில் தெரிந்ததே, அதுதான் அவனுக்குப் பலம். மூத்தவன் மகன் இருக்கும்போது தங்கைக்குப் பட்டம் இல்லை என்பது அந்த நாட்டு வழக்கம். அவனுக்கே இது இன்னும் தெரியாது. கப்பலில் அவனும் வெள்ளமுடிக்காரியும் ஒன்று சேர்ந்ததைச் சொன்னபோது, "அடி ஆத்தி, அத்தையும் மருமகனுமா!" என்று நீ காதைப் பொத்திக்கொண்டாய். இரண்டு பேரும் கல்யாணம் செய்து சேர்ந்து ஆள்வார்கள் என்று ஒரு கட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் நிஜமாகவே அப்படி நடந்திருக்கிறது. இரண்டு பங்காளிக் குடும்பங்கள் முப்பது வருஷம் வெட்டிக்கொண்டு மாய்ந்த பிறகு, 1485இல் ஏழாம் ஹென்றி ஜெயித்து, மறு வருஷமே எதிர்க்கட்சிப் பெண்ணைக் கட்டினான். கதை எழுதிய மார்ட்டினுக்கு அந்தச் சண்டைதான் விதை. ஆனால் புத்தகம் ஐந்தோடு நிற்கிறது, ஐந்தாவது 2011இல் வந்தது. அதனால் முடிவைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வெள்ளமுடிக்காரி அரியணையில் உட்கார மாட்டாள் என்பது என் கட்சி. இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகள் வீட்டில் அவளுக்கு ஒரு காட்சி தெரியும். கூரை பிய்ந்த மண்டபம், மேலிருந்து வெள்ளையாய் ஏதோ உதிர்கிறது, அவள் சிம்மாசனத்தைத் தொடக் கை நீட்டுவாள், தொடாமல் திரும்பிவிடுவாள். உதிர்வது பனியா சாம்பலா என்று ஆறேழு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். நான் பனி என்கிறேன். வடக்கே, செத்தவர்கள் எழுந்து வருகிற அந்தப் பிணப்படையை எதிர்த்து நின்று, ஊரைக் காப்பாற்றிவிட்டு அவள் உயிரை விடுவாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

மொட்டச்சிக்குச் சின்ன வயதிலேயே குறிகாரி சொல்லிவிட்டாள், உன்னைவிட இளையவள், அழகானவள் வந்து உன்னைத் தள்ளுவாள் என்று. புத்தகத்தில் இன்னொரு வரியும் உண்டு, தம்பி கையால் சாவு. குள்ளத் தம்பி டிரியனைத்தான் சொல்கிறாள் என்று அவள் ஆயுசு முழுக்க அவனை வெறுத்தாள். ஆனால் இரட்டையில் பின்னால் பிறந்த ஜெய்மியும் தம்பிதானே? அவள் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தவன்.

தாத்தாவின் ஆள் ஜென்ட்ரி. செத்துப்போன ராபர்ட் ராஜாவின் வைப்பாட்டி மகன், கொல்லுப் பட்டறைக்காரன். "சுத்தியல் பிடித்த கைதான் நாட்டைச் சேர்க்கும்" என்று மேஜையைத் தட்டிச் சொல்வார். பந்தயக் கடையில் அவன் மேல் பத்து பவுண்டு கட்டியிருக்கிறார்.

உன் ஆளுக்கு வருகிறேன். கால் முடியாத பிள்ளை பிரான்தான் ராஜா என்று நீ அடித்துச் சொல்லியிருக்கிறாய். "நடந்தது அம்புட்டையும் பாத்தவன் அவன் ஒருத்தன்தான். வரப்பு எங்க கெடந்துச்சு, கல்லை யாரு நகத்துனாங்கறது தெரிஞ்சவனுக்குத்தான் பஞ்சாயத்துல பேச வாயிருக்கு." இதை அப்படியே தாத்தாவுக்குச் சொன்னேன். உன் பெயரில் ஒரு பக்கமே எழுதிக்கொண்டார். பந்தயக் கடைகளிலும் பிரான் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் 'நான் எதற்கும் பிரபுவாக முடியாது' என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டானே அப்பத்தா, பிறகு எப்படி?

என் ஆள் சான்சா, பனிப்பயலுக்குத் தங்கையாய் வளர்ந்தவள். வடக்கு அவளுக்குத்தான். மேலவீட்டு மதினி கேட்டால் சிரிப்பாள், அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. பிறந்த வீட்டை மீட்கிற சண்டையில் பனிப்பயல் தோற்றுப் பிணக்குவியலுக்குள் மூச்சு முட்டிக் கிடந்தான். அவள் கடிதம் எழுதி வரவழைத்த குதிரைப்படைதான் வந்து ஜெயித்தது. மறுநாள் சபையில் என்ன நடந்தது? எல்லாரும் வாளை உருவி, 'வடக்கின் ராஜா' என்று அவனைப் பார்த்துக் கத்தினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைச் சொல்லும்போது நம் அத்தை, மாடிப்படியில் புளி உரித்துக்கொண்டிருந்தவள், "அப்படித்தான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

மாசியில் தாத்தா தன் சின்னக் காரில் டார்க் ஹெட்ஜஸ் என்ற சாலைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பக்கமும் பீச் மரங்கள் மேலே கைகோத்து நிற்கும், கதையில் ராஜபாட்டையாக வருகிற இடம். 2016 புயலில் சாய்ந்த மரங்களை அறுத்துக் கதவு செய்து, கதையைச் செதுக்கி, ஊர் ஊராக மாட்டியிருக்கிறார்கள். அந்த மரத்தடியில் நின்றபோது மங்கம்மா சாலையும் புளியமரங்களும்தான் நினைவுக்கு வந்தன. பேரனுக்காக நாட்டை ஆண்டவளைப் பேரனே சிறைவைத்துப் பட்டினி போட்டான் என்று நீ கதை சொல்வாயே. அதைத் தாத்தாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் என்னால் முடியவில்லை.

நீ கடிதத்துக்குள் ஒரு வெற்றிலை வைத்திருந்தாய். பழுப்பேறி, காம்பு ஒடிந்து, தொட்டால் நொறுங்குகிற மாதிரி இருந்தது. கொடிக்கால் வெற்றிலை என்று நீ சொல்லவே வேண்டாம். அன்று வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் அதை வாயில் போட்டேன். முதலில் காகிதம் மாதிரிதான் இருந்தது. பாலம் தாண்டியதும் நாக்கின் அடியில் லேசாக ஒரு காரம் வந்தது பார், அவ்வளவுதான். அகத்தி நிழல், வாய்க்கால் தண்ணீர், நீ காலை நீட்டி உட்கார்ந்து கவுளி கட்டுவது, எல்லாம் வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் கைக்குட்டை கொடுத்தார்.

சின்னவா, இனிமேல் வருவதைப் பெரியப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

அப்பத்தா, விடுதலைப் பத்திரத்தில் பெருவிரல் வைக்காதே. "சும்மா ஒரு ரேகைதான், பட்டா மாத்தறதுக்கு" என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது சும்மா இல்லை. நீயும் அத்தையும் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்தோம் என்று எழுதிக் கொடுப்பது. கொடிக்கால் நம் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதாமல் போய்விட்டார். 1956 சட்டப்படி உனக்கு ஒரு பங்கு, பெரியப்பாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. நாலும் சமம். கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று, சீர் செய்தாயிற்று என்பதெல்லாம் பேச்சில்தான். புருஷனை இழந்து வந்த இந்தப் பதினோரு வருஷமும் அகத்தி நட்டது யார்? தண்ணீர் கட்டியது யார்? ராத்திரி உனக்குக் கால் பிடித்துவிடுவது யார்? பெரியப்பா கெட்டவர் இல்லை, எனக்கும் தெரியும். மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம். அவர் பங்கை அவர் விற்கட்டும்.

அப்பா வாயைத் திறக்க மாட்டார். நீதான் பேச வேண்டும். வடக்கு வரப்புக் கல் எங்கே இருந்தது என்று தெரிந்த ஆள் இப்போது நீ ஒருத்திதான். தேரும் ஓட்டும் ஒரே நாள், 18ஆம் தேதி. அழகர் ஆற்றில் இறங்க எல்லாரும் வந்து சேருவார்கள். அப்போது மாமாவையும் வைத்துக்கொண்டு பேசு. அதுவரைக்கும் பத்திர ஆபீஸ் பக்கம் யார் கூப்பிட்டாலும் முட்டி வலி என்று சொல்லிவிடு.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன், அம்மாவிடம் பக்குவமாகச் சொல். நான் இங்கே வர அத்தை அடகு வைத்துக் கொடுத்த இரட்டைவடச் சங்கிலியை ஆடிக்குள் மீட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் டியூட்டி கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும். அத்தை கேட்க மாட்டாள். நீயாகச் சொல்லிவிடு.

சின்னவா, 15ஆம் தேதி காலை ஆறரைக்கு உன் போனில் போட்டு அப்பத்தாவுக்குக் காட்டு. அவள் நாலு மணிக்கே எழுந்துவிடுவாள், நீதான் எழுந்திரிக்க வேண்டும். அத்தையையும் பக்கத்தில் உட்கார வை. சாயந்தரம் பட்டாபிஷேகத்துக்கு மூன்று பேரும் பஸ் ஏறிப் போங்கள். அடுத்த கடிதத்தில் அப்பத்தா சொல்கிறபடியே எழுது, நீயாகத் திருத்தாதே.

உன் அன்புப் பேத்தி

பி.கு.: அடுத்த தடவை மூன்று வெற்றிலை வை. ஒன்று பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு. இரண்டு எனக்கு.