உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் பள்ளிக் கல்வித் துறைக்கும்,

வணக்கம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்தது. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இதனால் டாக்டராகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. அந்த நன்றியோடுதான் இதைக் கேட்கிறேன்: அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் மீனவர்கள், மூட்டை தூக்குபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்தப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பள்ளி பக்கத்தில் இருக்கிறது, அக்கா படித்தாள், தங்கையும் போகிறாள். வேறு காரணம் கிடையாது. ஆசிரியர் சம்பளம், புத்தகம், சத்துணவு எல்லாம் அரசு கொடுப்பதுதான்.

நானும் காசிமேட்டிலிருந்து அப்படி ஒரு பள்ளிக்குப் போனவள். கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. அம்மாதான் மீன் விற்று எங்களை வளர்த்தார். விடியுமுன்னே அவர் ஏலத்துக்குக் கிளம்பிவிட, தம்பிக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்குப் போவேன். ஏழாவதோடு படிப்பை நிறுத்தி ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்க அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அறிவியல் டீச்சர் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் பேசியதால்தான் அது நின்றது.

மருத்துவ நுழைவுத் தேர்வை 2007-இல் தமிழ்நாடு எடுத்துவிட்டது என் அதிர்ஷ்டம். கோச்சிங்குக்கு ஒரு ரூபாய்கூட கட்டாமல், பிளஸ் டூ மார்க்கை வைத்தே, எங்கள் ஜனங்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் சேர்ந்தேன். 2017-இல் நீட் வந்து அந்த வழி அடைபட்டது. இன்று என் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு 7.5-ம் கிடையாது.

கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. அது நியாயம்தான். அதே நியாயம் இவர்களுக்கும் வேண்டும். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரித்தீர்களே! அப்போது தெரிந்த ஏழ்மை இப்போது தெரியவில்லையா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்க வேண்டாம். இவர்களுக்குத் தனியாக ஒரு பங்கு கொடுங்கள். வருமான வரம்பு வைப்பதென்றாலும் சரி, தமிழ் வழி மட்டும் என்றாலும் சரி. அடுத்த கலந்தாய்வுக்கு முன் சட்டத் திருத்தம் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு டாக்டர்