டேக் ஆஃப்: விமானக் கட்டுப்பாடு படிக்கும் மகளுக்கு

உடுமலைப்பேட்டை

அன்புள்ள கண்ணுக்கு,

நானும் அம்மாவும் நலம். பிரயாக்ராஜில் குளிர் எப்படி இருக்கிறது? போன வாரம் போனில், "ரேடியோல விமானிகிட்ட டேக் ஆஃப்னு சும்மா சொல்லவே கூடாதாம்ப்பா, டிபார்ச்சர்னுதான் சொல்லணுமாம்" என்றாய். ஏன் என்று கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பள்ளியில் இத்தனை வருஷம் இங்கிலீஷில் அந்த ஃப்ரேசல் வெர்பை (வினையோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவது) நடத்தியவனுக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை. தேடிப் படித்தேன். உனக்கு அங்கே விதியாகச் சொல்லித் தருவார்கள். நான் இலக்கணத்தின் பக்கமிருந்து சொல்கிறேன்.

செருப்பைக் கழற்றுவதும் டேக் ஆஃப், விமானம் தரையை விட்டு எழும்புவதும் டேக் ஆஃப். கடைக்காரர் விலையில் நூறு ரூபாய் குறைத்தாலும், திங்கட்கிழமை லீவு எடுத்தாலும் அதே வினைதான். ஒருவரைப் போலவே பேசிக் காட்டுவதையும் பிரிட்டிஷ்காரர்கள் இப்படிச் சொல்வார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவனும் 'டுக் ஆஃப்'. தொழில் திடீரென்று சூடு பிடித்தாலும் அதே பேச்சு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரோஸ்டோ 1960-ல் நாடுகளின் வளர்ச்சியைக் கட்டங்களாகப் பிரித்தபோது, மூன்றாவது கட்டத்துக்கு டேக் ஆஃப் என்றே பெயர் வைத்தார்.

கழற்றுவது என்ற பொருளில் செயப்படுபொருள் வேண்டும். 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்', இரண்டும் சரி. ஷூஸுக்குப் பதில் 'தெம்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டேக் தெம் ஆஃப்'. பரீட்சைத் தாளில் என் சிவப்பு மை அதிகம் செலவான இடம் இது. விமானத்துக்கு வந்தால் செயப்படுபொருளே கிடையாது, 'தி பிளேன் டுக் ஆஃப்', அவ்வளவுதான்.

உன் வேலைக்கு முக்கியமானது இனிமேல்தான். வினையாக இருந்தால் அது தனித்தனியே இரண்டு சொல், அழுத்தம் 'ஆஃப்' மேல் விழும். பெயர்ச்சொல்லானால் சேர்த்தோ நடுவில் கோடு போட்டோ எழுத வேண்டும், அழுத்தம் 'டேக்' மேல். தாளில் பளிச்சென்று தெரிகிற இந்த வித்தியாசம் ரேடியோ இரைச்சலில் அடிபட்டுப் போகும்.

1977 மார்ச் 27 அன்று டெனரிஃபேயில் அதுதான் நடந்தது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்று அது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் விமானங்களை லாஸ் ரோடியோஸ் என்ற சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். கடும் மூடுபனி. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் போயிங் 747 விமானம் ஓடுபாதை முனையில் நிற்கிறது. அதே ஓடுபாதையில் அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் 747 எதிரே மெதுவாக ஊர்ந்து வருகிறது. கட்டுப்பாட்டாளர் கேஎல்எம்முக்குக் கொடுத்தது பறந்த பிறகு போக வேண்டிய வழிக்கான அனுமதி மட்டும். ஆனால் அந்த வாசகத்துக்குள்ளேயே 'ரைட் டர்ன் ஆஃப்டர் டேக் ஆஃப்' என்று வந்துவிட்டது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிக்கும்போது, 'வீ ஆர் நௌ அட் டேக் ஆஃப்' என்றார்.

'அட்' வந்ததால் கேட்பவருக்கு அது பெயர்ச்சொல். எழும்பும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு டவரில் எடுத்துக்கொண்டார்கள். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது. டச்சு மொழியில் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல, 'அட்' மாதிரியான ஓர் இடைச்சொல்லை வினைக்கு முன்னால் வைப்பார்களாம். அந்தப் பழக்கம் இங்கிலீஷுக்குள் நுழைந்திருக்கலாம் என்று மொழி ஆய்வாளர்கள் விளக்கம் தருகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நாமும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'ஐ வில் கோ அண்ட் கம்' என்கிறோம். அது விடைபெறுகிற பேச்சு என்று தமிழ் தெரியாதவருக்கு எப்படிப் புரியும்?

டவரிலிருந்து வந்த பதில் 'ஓகே'. கொஞ்சம் இடைவெளி விட்டு, 'ஸ்டாண்ட் பை ஃபார் டேக் ஆஃப், ஐ வில் கால் யூ'. அதே நொடியில் பான் ஆமும் தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னது. இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சென்ற சத்தமாகிவிட்டது. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது 'ஓகே' மட்டும்தான். இரண்டு விமானங்களும் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். பான் ஆமில் இருந்த 61 பேர்தான் பிழைத்தார்கள்.

பனி, நெரிசல், கேப்டனின் அவசரம் என்று காரணங்கள் பல. பழியை ஒரு சொல்லின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைப் பூட்டி வைத்தார்கள். எழும்ப அனுமதி கொடுக்கும்போது 'கிளியர்ட் ஃபார் டேக் ஆஃப்', கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போது 'கேன்சல் டேக் ஆஃப்'. இந்த இரண்டை விட்டால் எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்' அல்லது 'ஏர்போர்ன்'தான். ஓடுபாதையில் ஏறி நிற்கச் சொல்ல 'லைன் அப் அண்ட் வெயிட்'. 'லைன் அப்' என்பதும் ஃப்ரேசல் வெர்ப்தான், ஆனால் உங்கள் டவரில் அதற்கு ஒரே ஒரு பொருள். வகுப்பில் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் தெரியுமோ அத்தனை மார்க் என்று பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தேன். உனக்குப் பாடம் நேர்மாறாக இருக்கிறது. அதுவும் சரிதான் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

ஒன்று மட்டும் அப்பா சொல்லியாக வேண்டும். போனில் நீ வாய்க்கு வாய் 'ஓகேப்பா, ஓகேப்பா' என்கிறாய். எங்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லு. மைக் கையில் இருக்கும்போது மட்டும் வேண்டாம். விமானி திருப்பிச் சொல்வதைக் கடைசிச் சொல் வரைக்கும் கேள். ஏதாவது இடித்தால், எத்தனை விமானம் காத்திருந்தாலும் மறுபடி சொல்லச் சொல். கூடப் படிப்பவர்கள் பல மாநிலத்துப் பிள்ளைகள் என்றாயே, சிமுலேட்டரில் ஒருவருக்கொருவர் விமானியாகப் பேசிப் பழகுங்கள். யார் இங்கிலீஷில் எந்தத் தாய்மொழி எட்டிப் பார்க்கிறது என்று காதுக்குப் பிடிபடும்.

அம்மா பருப்புப் பொடியும் எள்ளுருண்டையும் பார்சல் அனுப்பியிருக்கிறாள். வந்ததும் ஒரு போன் போடு. கம்பளியும் வேண்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா